கல்லுக்கு முன்னால் வரும் காகிதம்

2018 ஜூன் மாதம் சேலத்தைச் சுற்றியுள்ள காடுகளில் கல் நட்டார்கள். காடு என்றால் வனம் இல்லை. எங்கள் பக்கம் வீட்டை ஒட்டிக் கிடக்கும் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். பூலாவரி, குப்பனூர், ராமலிங்கபுரம், அச்சாங்குட்டப்பட்டி என்று ஊர் ஊராக அளவைக்காரர்கள் வந்தார்கள், கூடவே போலீஸ் வந்தது. முழங்கால் உயரக் கல் ஒன்றை வரப்பில் இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் அந்தக் கல்லின் மேல் விழுந்து அழுததைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. இனி இது நம்ம காடா, அவங்க காடா என்ற கேள்விக்கு அன்றைக்கு அங்கே நின்றிருந்த யாரும் பதில் சொல்லவில்லை.

அது சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர் நீளம், 10,000 கோடி ரூபாய் மதிப்பு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய 5 மாவட்டங்களின் வழியாகப் போகும் திட்டம்.

அந்த அழுகையைப் பார்த்த நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கல் வருவதற்கு முன்பே காகிதம் வந்திருந்தது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, நிலம் எடுக்கப்போவதாக 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். அதன் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நிலத்துக்காரர் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். நிலத்தில் இறங்கி அளக்கவும் அடையாளம் போடவும் சட்டம் அனுமதிப்பது அறிவிக்கைக்குப் பிறகுதான். அப்படியென்றால், உங்கள் வரப்பில் கல் இறங்கும்போது உங்கள் 21 நாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சில பேருக்கு அது முடிந்தே போயிருக்கும். அப்புறம் 3டி பிரிவின் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசின் கைக்குப் போய்விடும். அதற்கப்புறம் தொகை எவ்வளவு என்று பேசலாமே தவிர, நிலம் வேண்டும் என்று பேச முடியாது.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இதே ஆட்சேபணைக்கு 60 நாள் உண்டு, சமூகத் தாக்க மதிப்பீடும் உண்டு. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது அந்த மதிப்பீடு தேவையில்லை என்று அதே சட்டத்தின் 4ஆம் அட்டவணை விலக்கு தந்துவிட்டது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் பிற்பாடு 2013 சட்டத்தோடு சேர்க்கப்பட்டது. மனிதனுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு வெளியே நின்றது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஒருவருக்கு உடனே தீங்கு வரப்போகிறது என்றால், அதைத் தடுக்கப் பலரும் சேர்ந்து அதிகாரிக்கு உடனடியாக எழுதுவதை அவசரப் பிரச்சாரம் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குக் கைது, காவல்நிலைய அடி, காணாமல் போன ஆள், தூக்குத் தண்டனை இவைதான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. அந்த முறையே அங்கிருந்துதான் பிறந்தது. 1973இல் பிரேசிலில் சிறைப்பட்ட ஒரு பேராசிரியருக்காக, மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் தன் முதல் அவசர வேண்டுகோளை விடுத்தது. உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே அதிகாரியின் மேசையில் கடிதங்கள் குவிந்தால், உள்ளே இருப்பவரை அடிக்கத் தயங்குவார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

சோறு, வீடு, நிலம், வேலை, பள்ளிக்கூடம் என்று வந்தால் நம் காது மாறிவிடுகிறது. மனு கொடுங்க, பார்க்கலாம் என்கிறோம். அரசாங்கம் மட்டுமல்ல, உரிமை பேசும் நண்பர்களே அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1966 டிசம்பர் 16 அன்று ஏற்றது. 1976 ஜனவரி 3இல் அது நடைமுறைக்கு வந்தது, 1979 ஏப்ரல் 10இல் இந்தியா அதில் இணைந்தது. உணவு, உடை, வீடு 11ஆம் விதியில், உடல்நலம் 12இல், கல்வி 13இல், பண்பாட்டு வாழ்வு 15இல். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் 2ஆம் விதியில் ஒரு சொல் கிடக்கிறது: படிப்படியாக. கையிலுள்ள வளத்துக்கு ஏற்ப, படிப்படியாக இந்த உரிமைகளை முழுமையாக்க வேண்டும் என்கிறது அது. பள்ளிக்கூடம் கட்டப் பணம் வேண்டும், மருத்துவமனைக்கு டாக்டர் வேண்டும் என்ற நியாயமான எண்ணத்தில் எழுதிய சொல். காலப்போக்கில் அதுவே எதையும் தள்ளிப்போடும் சாக்காகிவிட்டது.

இந்தச் சாக்கை உடைக்கத்தான் 1990இல் அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு தன் 3ஆம் பொதுக் கருத்தை எழுதியது. பாகுபாடு காட்டாமல் இருக்க எந்தப் படியும் ஏற வேண்டியதில்லை, அதை இன்றே செய்ய வேண்டும். அடிப்படை உணவு, அடிப்படை மருத்துவம், தலைக்குமேல் கூரை, தொடக்கக் கல்வி ஆகியவற்றில் குறைந்தபட்ச அளவையாவது உறுதி செய்தே ஆக வேண்டும். 1997இல் வந்த 7ஆவது பொதுக் கருத்து கட்டாய வெளியேற்றம் பற்றியது. அதைப் படித்தால் வீடு இடிப்பதை நேரில் பார்த்தவர் எழுதியது போல இருக்கும். முன்கூட்டிக் கலந்து பேச வேண்டும், போதிய அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும், இடிக்கும்போது பொறுப்பான அதிகாரி நேரில் நிற்க வேண்டும், கொட்டும் மழையிலும் இரவிலும் இடிக்கக் கூடாது, யாரும் தெருவில் நிற்கும்படி ஆகக் கூடாது.

படிப்படியாகக் கட்ட வேண்டியது வீடு. இடிப்பது படிப்படியாக நடப்பதில்லை, ஒரே காலையில் முடிந்துவிடுகிறது.

இந்த மலைப்பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமே இல்லை. சேர்வராயன் மலைக்கு அந்தண்டை, அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தத் துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29இல் வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023 செப்டம்பர் 29இல் உறுதி செய்தது. நமக்கு நினைவிருப்பது இந்தப் பகுதி. அன்றைக்கு அந்த ஊரில் வீடுகளை உடைத்தார்கள், சேர்த்து வைத்த தானியத்தை வீணாக்கினார்கள், கிணற்றுத் தண்ணீரைப் பாழாக்கினார்கள். மக்கள் திரும்பி வந்து வாழ வழியில்லாமல் செய்வதற்கு வேறென்ன வேண்டும்? உடல்மீது நடந்த கொடுமையும் அடுப்படியில் நடந்த கொடுமையும் ஒரே நாளில், ஒரே கைகளால் நடந்தவை. ஒன்றை அவசரம் என்றும் மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றும் பிரிக்க முடியாது. ஊரில் நடந்தது வெளியுலகத்துக்கு எட்டவே வாரக்கணக்கில் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது. நடந்த அன்றே ஒரு தகவல் வெளியே வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, தகவல் உரிய நேரத்தில் வந்தால் என்ன நடக்கும்? அதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது.

2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வனத்தில் வாழ்பவரின் நில உரிமையை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களை ஜூலை மாதத்துக்குள் வனத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பல மாநிலங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடும் உத்தரவு, அதில் தமிழ்நாடும் உண்டு. எழுத்து வடிவம் வெளியே தெரிய ஒரு வாரம் ஆனது. அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தைத் திட்டிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பழங்குடி அமைப்புகள் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்தன: நிராகரிப்பு முறைப்படி நடந்ததா? நிராகரித்த தகவல் விண்ணப்பித்தவர் கைக்கு வந்ததா, மேல்முறையீட்டுக்கான 60 நாள் கிடைத்ததா? பல ஊர்களில் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில், 'இல்லை' என்பதுதான். மத்திய அரசே நீதிமன்றத்துக்கு ஓடியது. பிப்ரவரி 28 அன்று உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிராகரிப்பு எப்படி நடந்தது என்று மாநிலங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கணக்குப் பார்த்தால் 15 நாள்.

2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது: உரிமையைச் சரிபார்த்து முடிக்கும் வரை வனத்தில் வாழ்பவரை வெளியேற்றக் கூடாது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2008 முதல் பல ஆண்டுகள் பட்டா வழங்க முடியாமல் இருந்தது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. இங்கே அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பகுதி என்று எதுவும் கிடையாது. ஏற்காட்டு மலைக் கிராமத்துக்கு வேறு மாநிலத்துப் பழங்குடிப் பகுதிகளில் உள்ள கூடுதல் பாதுகாப்பு இல்லை. கையில் இருப்பது இந்தச் சட்டமும் கிராம சபையும்தான். அதனால் அந்த 60 நாள் இங்கே இன்னும் விலையுயர்ந்தது.

இப்போது சேலம் டவுனுக்கு இறங்குவோம். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றின் கரையிலும், அதில் வந்து சேரும் ஓடைகளின் ஓரத்திலும் தலைமுறையாக வீடு கட்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள், கூலிக்காரர்கள். வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு என்பதுதான் அவர்களுடைய முதல் சொத்து. ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி மாற்று வீடு கொடுத்தால் தலைமேல் கூரை கிடைக்கும், பிழைப்பு போய்விடும். ஒரு உரிமையைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கும் ஏற்பாடு அது.

2024 நவம்பர் 13 அன்று புல்டோசர் இடிப்புகள் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பலரும் கொண்டாடினோம். 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது, நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், வீட்டிலும் ஒட்ட வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு விலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இது பொருந்தாது. ஓடைப் புறம்போக்கில் இருப்பவர் அந்த 15 நாளை நம்பி உட்கார்ந்தால் ஏமாந்துபோவார். அவருக்கான நோட்டீஸ் வேறு சட்டத்திலிருந்து வரும்: 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், இல்லையென்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏரிக்காகக் குரல் கொடுப்பவரும் வீட்டுக்காகக் குரல் கொடுப்பவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, மாற்றிடம் எங்கே, எவ்வளவு தூரத்தில், எப்போது என்று கேட்க முடியும். இடிப்பதற்கு முதல் நாள் இரவு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

ஒரு அவசரச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இரண்டு துண்டுக் காகிதங்கள். ஒன்றில், ஏழைகளின் வயிற்றில் அடிக்காதே, அரசே பதில் சொல் என்று இருக்கும். அதைப் பார்க்கும் அதிகாரிக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது, அப்படியே மடித்து வைத்துவிடுவார். இன்னொன்று இப்படி இருக்கும்: இந்த ஓடைத் தெருவில் 34 வீடுகள். நோட்டீஸ் ஒட்டியது செவ்வாய் மாலை. இடிக்கும் நாள் வெள்ளி. தேர்வு எழுதும் பிள்ளைகள் 9 பேர், நடமாட முடியாதவர் இருவர். மாற்றிடம் பற்றி யாரும் பேசவில்லை. இடிப்பை நிறுத்தி விசாரணைக்கு நாள் குறியுங்கள். இதில் உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதியவை. ஆனால் வடிவம் அதுதான். யாருக்கு, எங்கே, எப்போது நடக்கப்போகிறது, அதை நிறுத்தும் பேனா யார் கையில் இருக்கிறது, அவர் என்ன எழுத வேண்டும். கோரிக்கை ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். முதலமைச்சருக்கு ஆயிரம் கடிதம் போவதைவிட, கையெழுத்துப் போட வேண்டிய அந்த அதிகாரிக்கு 50 கடிதம் போவது சில நேரம் வேலை செய்யும்.

நீதிமன்றம் என்றால் சேலத்துக்காரர் சென்னைக்குத்தான் போக வேண்டும், நம் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வராது. நோட்டீஸ், ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாவற்றின் நகலோடு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்ட்ரல். காலையில் வக்கீல் நீதிபதி முன் மென்ஷன் செய்து, அதாவது வழக்கின் அவசரத்தைச் சொல்லி, அனுமதி வாங்கினால் மத்தியானமே லஞ்ச் மோஷனாக வழக்கு விசாரணைக்கு வரும். இதெல்லாம் நடக்க ஒரே நிபந்தனை, அந்தக் காகிதங்கள் ஒரு பையில் தயாராக இருக்க வேண்டும். ஒரு ரசீதைத் தேடிக்கொண்டே ரயிலைத் தவறவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு வேகமான கதவு இருக்கிறது. சாதாரணமாக 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். ரேஷன் நின்றுபோனது உயிர் விஷயமா என்று அதிகாரி கேட்பார். பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை என்று 1985லேயே பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று மனுவில் எழுதுங்கள். ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு முன்பே நீக்கப்பட்டிருந்தது. நாடு கொதித்த பிறகு, அக்டோபரில், ஆதார் இல்லையென்று யாரையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள் என்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. ஒரு மாதத்தில் வந்த சுற்றறிக்கை. அந்த வீட்டுக்கு அது தாமதம்.

நம் மலையில் இன்னொரு கெடு ஒவ்வொரு வருஷமும் ஜூனில் வருகிறது. அதை யாரும் அவசரம் என்று எண்ணுவதே இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளை பழங்குடிச் சான்றிதழுக்கு அலைவது. சேலம் மாவட்டத்து மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். மேல் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தோ ஜீப்பிலோ வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். நான் ஒரு அலுவலக வாசலில் பார்த்த பெண்ணின் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பைல் இருந்தது. உள்ளே அப்பாவின் சான்றிதழ், தாத்தாவின் நிலப் பத்திர நகல், பள்ளி மாற்றுச் சான்று. எல்லாம் சரியாகத்தான் அடுக்கியிருந்தாள். அடுத்த வாரம் வாங்க என்றார்கள். கலந்தாய்வு அந்த வாரமே. அவளுக்குப் பறிபோவது ஒரு தாள் இல்லை, ஒரு வருஷம். பல வீடுகளில் அந்த ஒரு வருஷம் போனால் காபித் தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ அனுப்பிவிடுவார்கள், படிப்பு அதோடு சரி. கைது செய்யப்பட்ட மாணவிக்காக நாம் எழுதும் கடிதத்தை இவளுக்காகவும் அதே வேகத்தில் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வேகத்தில் ஒரு ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நாம் வெளியிலிருந்து போடும் ஒரு புகைப்படத்தால் அந்தக் குடும்பத்துக்குத் தோட்டத்தில் வேலை போகலாம், கடனுக்கு நிற்பவரை முதலாளி மிரட்டலாம். 2018இல் எட்டு வழிச்சாலையை எதிர்த்துப் பேசியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அவற்றைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வர 2021 ஆனது. பாதிக்கப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பெயரும் ஊரும் வெளியே போகக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும், நமக்கு எவ்வளவு துடித்தாலும்.

ஐ.நா. வழியும் இருக்கிறது. முன்பு சொன்ன 1966 உடன்படிக்கைக்கான விருப்ப நெறிமுறை 2013 மே 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு தனிமனிதர் புகார் தரலாம், இடைக்காலமாக நிறுத்தி வையுங்கள் என்று குழு அரசைக் கேட்கலாம். இந்தியா அதில் சேரவில்லை, அந்தக் கதவு நமக்கு மூடியிருக்கிறது. உணவு, வீடு, பழங்குடியினர் உரிமை ஆகியவற்றுக்கான சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதலாம், உள்ளூர் வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் கடிதம் யாரையும் கட்டுப்படுத்தாது, டெல்லியில் ஒரு மேசையில் பதில் எழுத வைக்கும்.

மறுபடி அந்தக் கல்லுக்கு வருகிறேன். விவசாயிகள் கண்ணீரோடு நின்றுவிடவில்லை, வழக்குக்குப் போனார்கள். 2018 ஆகஸ்டில் நிலத்துக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2019 ஏப்ரல் 8 அன்று நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. அன்றைக்கு ஊர்களில் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது. ஒன்றை மட்டும் உயர் நீதிமன்றம் சொன்னபடியே விட்டது: நிலம் கைமாறுவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, பழையபடி மாற்றித் தர வேண்டும்.

இந்த வழக்கில் எனக்கு மறக்காத பகுதி இதுதான். கல்லை எல்லோரும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பெயர் மாறியது தாலுகா அலுவலகக் கம்ப்யூட்டரில், யாருக்கும் தெரியாமல். அதைக் கண்டுபிடிக்க யாரோ ஒருவர் சிட்டா நகல், அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்ப் பதிவின் நகல், எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு திட்டத்தின் பெயர் செய்தித்தாளில் அடிபடத் தொடங்கினால், அன்றைக்கே சிட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். நகலின் பின்பக்கம் தேதி போட்டு வையுங்கள்.